குரோஸ்லி நார்மலும் மருங்காபுரி வேனும்

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு ஆங்கிலமே தெரியாது என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். படித்துவிட்டால் அதற்கு ஓர் அர்த்தத்தையும் நானே கண்டுபிடித்துவிடுவேன். சுத்தமாக ஆங்கிலம் தெரியாதவன் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுவிட்டுத் தூங்கப் போகிறான். கொஞ்சம் தெரிந்தவன்தான் வேன் வரவழைக்கிறான்.

(வேன் வரும். அவசரம் வேண்டாம்.)

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். எடமலைப்பட்டி புதூரில் கடை. வீட்டுத் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனால் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். பதினைந்து வயதிலிருந்து எரிந்துபோனதையே பார்த்துப் பார்த்து, எரியாமல் இருப்பதெல்லாம் இனிமேல்தான் எரியப்போகிறது என்று ஒரு எண்ணம் மனதில் உட்கார்ந்துவிட்டது. என்னை வளர்த்த அக்கா அதை வேறுமாதிரி சொல்வாள்: "இவனுக்குக் கவலைப்பட ஒன்னும் இல்லைன்னு வச்சுக்கங்க, ஏன் ஒன்னும் இல்லைன்னு கவலைப்படுவான்."

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. ஸ்ரீரங்கத்தில் பெண் பார்த்து, நிச்சயம் முடிந்து, கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது. பெண் பெயர் சுகந்தி. ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை. அவள் அப்பா டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைப் பார்க்க வந்த அன்று மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, "டிக்கெட் எடுக்காம ஏறினவனை நான் மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சிடுவேன். நீ நல்ல பையன்" என்று சொன்னார். என்னைப்பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. இதற்கும் ஏதாவது உள்ளர்த்தம் இருக்குமோ என்று இரண்டு நாள் யோசித்தேன்.

இந்த நிலையில்தான் வலது விலாவுக்குக் கீழே ஒரு வலி வந்தது.

எங்கள் பக்கத்துக் கிளினிக் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "பெரிசா ஒன்னும் இருக்காது. எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க" என்றார். மற்றவர்கள் முதல் வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நான் "எதுக்கும்" என்ற சொல்லை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சனிக்கிழமை காலையில் தில்லைநகரில் ஸ்கேன் எடுத்தேன். மத்தியானம் கவுண்டரில் ஒரு பெண் உறையை நீட்டினார்.

"ஒன்னும் பிரச்சினை இல்லைங்களே?"

"டாக்டர்கிட்ட காட்டுங்க."

"இல்லங்க, சும்மா ஒரு வார்த்தை..."

"டாக்டர்கிட்ட காட்டுங்க சார். நெக்ஸ்ட்."

எங்கள் டாக்டரோ சனிக்கிழமை மத்தியானம் சொந்த ஊருக்குப் போனால் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத்தான் வருவார். வேறு டாக்டரிடம் காட்டியிருக்கலாமே என்று இன்று கேட்கிறார்கள். காட்டியிருக்கலாம். ஆனால் கெட்ட சேதியைத் தெரிந்த வாயிலிருந்து கேட்டால் கொஞ்சம் குறைவாக இருக்கும் என்று ஒரு கணக்கு.

பஸ்ஸில் உட்கார்ந்து உறையைப் பிரித்தேன். முழுக்க ஆங்கிலம். நீள நீளமான சொற்களைத் தாண்டிக் கடைசிக்கு வந்தால் மூன்று வரி தடித்த எழுத்தில் இருந்தது. கல்லீரல், மண்ணீரல், இரண்டு சிறுநீரகம், எல்லாம் "அப்பியர் குரோஸ்லி நார்மல்". மற்ற உறுப்புகள் "அன்ரிமார்க்கபிள்". அதற்கும் கீழே, "பிளீஸ் கோரிலேட் கிளினிக்கலி".

நார்மல் என்ற சொல் எனக்குத் தெரியும். அதற்கு முன்னால் எதற்கு இன்னொரு சொல்? நல்லவன் என்றால் நல்லவன். நல்லவனுக்கு முன்னால் ஒரு சொல் போட்டால் அங்கே ஏதோ இருக்கிறது.

அன்ரிமார்க்கபிள் அதைவிட மோசம். அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய பகை உண்டு. பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் அட்டையில் ரிமார்க்ஸ் என்று ஒரு கட்டம் இருக்கும். எல்லோருக்கும் அதில் ஏதாவது எழுதுவார்கள். எனக்கும் எட்டாம் வகுப்பு வரைக்கும் "முன்னேற வேண்டும்" என்று எழுதினார்கள். ஒன்பதாம் வகுப்பு அரையாண்டில் அந்தக் கட்டம் காலியாக வந்தது. கேட்டதற்கு வகுப்பு வாத்தியார், "உனக்கெல்லாம் ரிமார்க்கே எழுத முடியாதுடா" என்றார். அதற்கப்புறம் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆகவே அன்ரிமார்க்கபிள் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரிமார்க் எழுதக்கூட முடியாத நிலைமை.

கடைக்கு வந்ததும் முதலில் கண்ணில் பட்டவர் ராமநாதன். எங்கள் மாடியில் இருக்கும் ஆடிட்டர் ஆபீஸ் கிளார்க். தினமும் ஆங்கிலத்தில் எழுதுகிறவர். முழுத்தாளையும் காட்டப் பயந்து, "குரோஸ்னா என்னங்க சார்? ஜி, ஆர், ஓ, ரெண்டு எஸ்" என்று மட்டும் கேட்டேன்.

"குரோஸ், நெட். அதுவா? குரோஸ்னா பிடித்தம் எல்லாம் போறதுக்கு முந்தி. சம்பளச் சீட்டுல பாருங்க, குரோஸ் பிரமாதமா இருக்கும். இதைப் புடிச்சு அதைப் புடிச்சு கைக்கு வர்றது வேற."

"அப்ப குரோஸ்ல நார்மல்னு போட்டிருந்தா?"

"குரோஸ்ல நார்மல்தாங்க. நெட்ல என்ன நிக்குதுன்னுதான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். என் கல்லீரலிலிருந்து எவ்வளவு பிடிப்பார்கள் என்று யோசித்தபடி நான் நின்றேன்.

சாயங்காலம் பெரிய கடை வீதிக்குப் போகவேண்டியிருந்தது. கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுப்பதற்குக் குங்குமச் சிமிழ் சொல்லியிருந்தோம். பேன்சிக் கடை காதர் பாய் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"வாங்க மாப்ள! உங்க சரக்கு வந்துருச்சு. சொன்ன மாதிரி ஒரு குரோஸ்."

"என்ன பாய் சொன்னீங்க?"

"ஒரு குரோஸ். பன்னெண்டு டஜன். நூத்தி நாப்பத்தி நாலு. ஏன், பத்தாதா?"

"போதும் பாய். ரொம்ப அதிகம்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டேன். "பாய், ஒரு மனுசனுக்கு வயித்துக்குள்ள நூத்தி நாப்பத்தி நாலு ஏதாவது இருக்குமா?"

பாய் சிமிழ்ப் பெட்டியைக் கீழே வைத்தார். "வயித்துக்குள்ளயா? எங்க மச்சானுக்குக் கிட்னில ஆறு கல் இருந்துச்சு. ஆறுக்கே மனுசன் தரையில உருண்டாரு. நூத்தி நாப்பத்தி நாலுன்னா... யா அல்லா, யாருக்கு மாப்ள?"

"தெரிஞ்ச பையன் ஒருத்தனுக்கு."

"பாவம். சின்ன வயசா?"

"இருபத்தொன்பது."

"துவா பண்றேன்" என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது மனக்கணக்குப் போட்டேன். கிட்னிக்கு எழுபத்திரண்டு.

எங்கள் தெருவில் ஆங்கிலத்துக்கு என்று இருப்பவர் சூசை சார். ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர். விளையாட்டு வாத்தியாருக்கும் ஆங்கிலத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால், ஆங்கில வாத்தியார் லீவு போட்ட நாளெல்லாம் சார்தான் அந்த வகுப்பை எடுத்தார். ஆங்கில வாத்தியார் நிறைய லீவு போடுகிறவர். அந்தக் கணக்கில் சாருக்கு ஐந்தாறு வருஷ அனுபவம் இருந்தது. அவரிடம் முழு ரிப்போர்ட்டையும் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல வாசித்தார்.

"முருகேசா, இதுல 'இஸ் நார்மல்'னு போடலை, கவனிச்சியா? 'அப்பியர்'னு போட்டிருக்கான். அப்பியர்னா தோற்றம். 'அவன் யோக்கியன் மாதிரி அப்பியர் ஆகறான்'னு சொன்னா என்னடா அர்த்தம்?"

"யோக்கியன் இல்லைன்னு அர்த்தம் சார்."

"குட். அடுத்து குரோஸ். எனக்கு ஒரு தடவை மெமோ கொடுத்தாங்க. 'குரோஸ் மிஸ்காண்டக்ட்'னு. நான் செஞ்சது என்ன? ஸ்போர்ட்ஸ் டே அன்னிக்கு விசிலைத் தொலைச்சேன், அவ்வளவுதான். அதுக்கே குரோஸ்னு போட்டான். படுமோசம்னு அர்த்தம்."

"படுமோசமான நார்மலா சார்?"

"அந்த மாதிரி வருது." கடைசி வரிக்கு வந்தார். இங்கேதான் அவருடைய குரல் மாறியது. "கோரிலேட். இதைப் பிரிச்சுப் படிக்கணும். கோ-ஆபரேடிவ், கோ-எஜுகேஷன். கோன்னா என்ன?"

"சேந்து."

"சேந்து. ரிலேட், ரிலேடிவ். ரிலேடிவ்னா?"

"சொந்தக்காரங்க."

"கிளினிக்கலி?"

"கிளினிக்குக்கு."

சார் தாளை மடித்து என் கையில் கொடுத்தார். "நானா எதுவும் சொல்லலைப்பா. அவனே எழுதியிருக்கான். சொந்தக்காரங்களைச் சேத்துக் கூட்டிக்கிட்டு கிளினிக்குக்கு வான்னு. 'பிளீஸ்' வேற போட்டிருக்கான் பாரு."

அந்தப் பிளீஸ்தான் என்னைக் கொன்றது. இந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரியில் யார் பிளீஸ் சொல்லியிருக்கிறார்கள்?

அக்காவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. அக்கா காரியக்காரி, முதலில் காரியம், அழுகை அப்புறம். மருங்காபுரியில் இருக்கும் பெரியப்பாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"பெரியப்பா, நம்ம முருகேசனுக்கு ரிப்போர்ட் வந்திருக்கு. சொந்தபந்தமெல்லாம் கெளம்பி வரணும்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கு."

அந்தப் பக்கத்திலிருந்து, "எத்தன பேரும்மா?"

"எண்ணிக்கை போடலை பெரியப்பா."

"அப்ப வேன் சொல்லிடறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஒரு உத்தமனாக எழுந்தேன். பெண்ணுக்கு விஷயத்தைச் சொல்லி, அவளை விடுவித்துவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். குளித்து, நல்ல சட்டை போட்டு, ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தின் மேல் பஸ் போகும்போது எனக்கே என்னை நினைத்து இரக்கம் வந்தது. (கொஞ்சம் நன்றாகவும் இருந்தது. பொய் சொல்லக்கூடாது.)

மருந்துக் கடையில் கூட்டம். சுகந்தி ஒருவருக்கு இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நிச்சயத்துக்குப் பிறகு நாங்கள் நேரில் பேசுவது அதுதான் இரண்டாவது தடவை.

"என்னங்க, இந்தப் பக்கம்?"

"ஒரு விஷயம் சொல்லணும். நீங்க என்னை மறந்துடுங்க."

இருமல் மருந்து வாங்கியவர் மீதிச் சில்லறையை வாங்காமல் நின்றார்.

சுகந்தி என்னைக் கடையின் ஓரத்துக்கு வரச் சொன்னாள். "என்ன ஆச்சு?"

"எனக்கு உள்ளுக்குள்ள எல்லாம் போயிடுச்சு. ஸ்கேன் எடுத்தேன். நூத்தி நாப்பத்தி நாலு இருக்கு."

"என்ன நூத்தி நாப்பத்தி நாலு?"

"கல்லா இருக்கலாம். பிடித்தம் போக மிச்சம் என்னன்னு டாக்டர்தான் சொல்லணும். ரிமார்க் எழுதவே முடியலைன்னு போட்டிருக்காங்க."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "ரிப்போர்ட் கொண்டாந்திருக்கீங்களா? குடுங்க பாக்கலாம்."

சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டேன். "வேணாம். நீங்க தாங்க மாட்டீங்க."

"நான் காலைலேருந்து ராத்திரி வரைக்கும் டாக்டர் சீட்டுதாங்க படிக்கறேன்."

"அது அடுத்தவங்க சீட்டு."

இதை நான் மிகவும் உருக்கமாகச் சொன்னதாக நினைவு. திருச்சி ஜில்லாவில் அந்தத் தாளைச் சரியாகப் படிக்கக்கூடிய ஒருத்தி என் எதிரே கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவளைத் தவிர மற்ற எல்லோரிடமும் அர்த்தம் கேட்டிருந்தேன்.

"யாரு இதையெல்லாம் படிச்சுச் சொன்னது?"

"பி.டி. சார்."

"டிரில் மாஸ்டரா?"

"இங்கிலீஷும் எடுப்பாரு."

"நாளைக்கு எத்தனை மணிக்கு டாக்டர்?"

"பத்து மணி. சொந்தக்காரங்களோட வரச் சொல்லியிருக்கு."

"டாக்டரா சொன்னாரு?"

"ரிப்போர்ட்லயே போட்டிருக்கு."

"சரி. நானும் வரேன்."

"நீங்க இன்னும் சொந்தம் ஆகலையே."

"பத்திரிகைல பேரு அடிச்சாச்சுல்ல?" என்று சொல்லிவிட்டுக் கல்லாப் பக்கம் போனாள். இருமல் மருந்துக்காரர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை ஒன்பதே முக்காலுக்கு மருங்காபுரி வேன் கிளினிக் வாசலில் வந்து நின்றது. பெரியப்பா, பெரியம்மா, இரண்டு சித்தப்பா, அவர்கள் வீட்டு ஆட்கள் என்று பதினோரு பேர். பெரியப்பா ஒரு குலை இளநீரோடு இறங்கினார். ஒரு சித்தி குலதெய்வம் கோயில் எலுமிச்சம்பழத்தை என் கையில் திணித்து, உள்ளங்கையிலேயே வைத்திருக்கச் சொன்னாள். அக்கா ஏற்கெனவே பூசியிருந்த விபூதிக்கு மேல் பெரியம்மா இன்னொரு முறை பூசினாள். கிளினிக்கில் மொத்தம் ஆறு நாற்காலி. காய்ச்சலோடு வந்திருந்த ஒருவர் எழுந்து பெரியப்பாவுக்கு இடம் கொடுத்தார். எங்கள் கூட்டத்தைப் பார்த்ததும் தன் காய்ச்சல் அவருக்குச் சிறிதாகப் பட்டிருக்க வேண்டும்.

சுகந்தியும் அவள் அப்பாவும் வந்தார்கள். வாசலை அடைத்துக்கொண்டு நின்ற கூட்டத்தைப் பார்த்த அடுத்த நிமிஷம் அவருக்குள் இருந்த கண்டக்டர் விழித்துக்கொண்டார். "உள்ள போங்க, உள்ள போங்க. படில நிக்காதீங்க. அம்மா, அந்த இளநியைக் காலுக்கடியில வைங்க. முன்னாடி எடம் இருக்கு பாருங்க." இரண்டே நிமிஷத்தில் பதினைந்து பேரும் சீராக அடுக்கப்பட்டோம்.

சுகந்தி என் பக்கத்தில் வந்து கையை நீட்டினாள். இந்த முறை ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டேன். கடைசி வரி வரை படித்தாள். திரும்ப ஒருமுறை கடைசி வரியைப் படித்தாள். என்னைப் பார்த்தாள், வேனைப் பார்த்தாள், இளநீரைப் பார்த்தாள். தாளை மடித்து என் மடியில் வைத்துவிட்டு, "டாக்டரே சொல்லட்டும்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். துப்பட்டா முனையால் வாயைப் பொத்தியிருந்தாள். தோள் குலுங்கியது.

"அழுவாத தாயி" என்று பெரியம்மா அவள் முதுகைத் தடவினாள். தோள் இன்னும் அதிகமாகக் குலுங்கியது. எனக்கும் கண் கலங்கியது. இப்படிப்பட்ட பெண்ணை விட்டுவிட்டுப் போகிறோமே என்று நினைத்தேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். எல்லோரும் எழுந்தார்கள்.

டாக்டர் தலை நிமிர்ந்தபோது அறைக்குள் எட்டுப் பேரும், கதவில் மூன்று பேரும், மீதிப்பேர் அவர்கள் தோளுக்கு மேலேயும் இருந்தோம். "யாருங்க இவங்கல்லாம்?"

எலுமிச்சம்பழத்தைப் பிடித்தபடி நான் சொன்னேன். "கோரிலேட், சார்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "என்னது?"

"கோரிலேட், சார். நீங்க வரச் சொன்னது."

"நாங்க மருங்காபுரிலேருந்து வரோம்" என்று பெரியப்பா கும்பிட்டார்.

டாக்டர் ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தார். முடிந்தவரை முகத்தைக் கட்டுப்படுத்திப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி. பிறகு என்னிடம் கேட்டார்.

"முருகேசன், போன மாசம் நம்ம கிளினிக் மோட்டாரைப் பாக்க வந்தீங்கல்ல? பிரிக்காம, வெளிய இருந்து பாத்துட்டு என்ன சொன்னீங்க?"

"மேலாப் பாத்தா நல்லாத்தான் இருக்குன்னு சொன்னேன் சார்."

"அதைத்தான் இவங்க இங்கிலீஷ்ல போட்டிருக்காங்க. குரோஸ்லி நார்மல். அன்ரிமார்க்கபிள்னா குறை சொல்ல ஒன்னும் இல்லை. கோரிலேட்னா, நோயாளி சொல்ற வலியையும் இந்தப் படத்தையும் டாக்டர் பொருத்திப் பாக்கணும். அது எனக்கு எழுதினதுங்க. உங்களுக்கு இல்ல. உங்க பெரியப்பாவுக்கும் இல்ல."

பெரியப்பா கும்பிட்ட கையை இறக்கினார்.

"அப்ப வலி, சார்?"

"பத்து நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"பத்திரிகை வச்சிட்டிருந்தேன்."

"போன வீட்ல எல்லாம்?"

"பஜ்ஜி. கேசரி. காபி. வேணாம்னா தப்பா நெனப்பாங்கன்னு..."

"வாயு" என்றார் டாக்டர். பதினோரு பேர் மருங்காபுரியிலிருந்து வேன் பிடித்து வந்தது அந்த ஒரு சொல்லைக் கேட்க.

எல்லோரும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டார்கள், கொஞ்ச நேரம் கழித்து. முதலில் என்னைப் பார்த்தார்கள். பெரியப்பா ஒரு இளநீரை வெட்டி, தானே குடித்தார். எனக்குள் வேறொன்று ஓடியது. அந்தக் கிளினிக் மோட்டார், நான் மேலாகப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொன்ன மூன்றாம் நாள் எரிந்துபோனது. அதை டாக்டருக்கு ஞாபகப்படுத்தலாமா என்று வாயைத் திறந்தேன். அக்கா என் முதுகில் கிள்ளினாள்.

வாசலில் சுகந்தியின் அப்பா நின்றிருந்தார். சிரிக்கவில்லை.

"தம்பி, முப்பது வருஷ சர்வீஸ்ல என் கண்ணு ஏமாந்ததில்ல. உன்கிட்ட ஏமாந்துட்டேன். நடுக் கடையில போயி, என்னை மறந்துடுன்னு சொல்லியிருக்க. கடைவீதி பூரா பேசறான். நாளைக்குப் புள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாலும் வேன் சொல்லுவியா?"

"இல்லைங்க..."

"யோசிச்சுச் சொல்றோம்" என்றார். மகளை அழைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். சுகந்தி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று கேட்க சூசை சாரிடம்கூடப் போக முடியாது.

யோசிச்சுச் சொல்றோம் என்பது தமிழ். பெண் பார்க்கப் போன எந்த வீட்டிலும் யாரும் யோசித்துச் சொன்னதில்லை. அக்காவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மூன்று நாள் ஒரு சேதியும் இல்லை. சுகந்திக்குப் போன் செய்யத் தைரியம் இல்லை. விலாவில் வலி சுத்தமாக நின்றுவிட்டது. கவலைப்பட அசல் காரணம் கிடைத்ததும் உடம்பு ஒதுங்கிக்கொண்டது போலிருக்கிறது. குங்குமச் சிமிழ் பெட்டி கடை மூலையில் இருந்தது. ஒரு குரோஸ்.

வெள்ளிக்கிழமை காலையில் கடை வாசலில் ஆட்டோ நின்றது. சுகந்தியின் அப்பா இறங்கினார். ஆட்டோக்காரரோடு சேர்ந்து ஒரு தண்ணீர் மோட்டாரைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தார்.

"ஓடலை. என்னன்னு பாரு."

ஸ்ரீரங்கத்தில் காயில் கட்டுகிறவர்கள் இல்லாமலில்லை. மோட்டாரைச் சுற்றிப் பார்த்தேன். வழக்கம்போல "மேலாப் பாத்தா" என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டேன். மூடியைக் கழற்றினேன். காயிலை மீட்டர் வைத்துச் சோதித்தேன். கையால் சுழற்றிப் பார்த்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காயில் நல்லா இருக்குங்க. பேரிங் நல்லா இருக்கு. கெபாசிட்டர் மட்டும் போயிடுச்சு. வேற ஒன்னும் கெடையாது. மாத்தினா பத்து வருஷம் ஓடும்."

"உறுதியா சொல்றியா?"

"உறுதியாத்தான் சொல்றேன்."

"எரிஞ்சிடாதே?"

"எரியாதுங்க. பயப்படாதீங்க."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. நான் ஒருவரிடம் பயப்படாதீர்கள் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "மூணு நாளா என் பொண்ணுகிட்ட கேட்டுட்டேன். இந்த மாதிரி பையன் வேணுமாம்மான்னு. அவ என்ன சொன்னா தெரியுமா? 'மேலாப் பாத்தா நார்மலாத்தான்ப்பா இருக்காரு. உள்ள என்ன இருக்குன்னு நான் பாத்துக்கறேன்'னு சொல்லிட்டா. தனக்கு வியாதின்னு தெரிஞ்சதும் மொதல்ல எனக்கு வந்து சொன்னாருப்பா, மறைக்கலைன்னு வேற சொல்றா."

கெபாசிட்டரை மாட்டி, மூடியைத் திருகி, சுவிட்சைப் போட்டேன். மோட்டார் சத்தமில்லாமல் ஓடியது. அவர் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார்.

"போலாம், ரைட்" என்றார்.

எனக்குச் சந்தேகமே இல்லாமல் புரிந்த ஆங்கிலச் சொல் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. மருங்காபுரியில் இப்போதும் யாரும் சொந்தக்காரர்கள் என்று சொல்வதில்லை. "ஞாயித்துக்கெழமை கோரிலேட் எல்லாம் வராங்க, ரெண்டு படி சேத்துப் போடு" என்பார் பெரியப்பா. குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அதுதான் பெயர். நான் எப்படி இருக்கிறேன் என்று யாராவது போனில் கேட்டால், சுகந்தி என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "குரோஸ்லி நார்மல்" என்கிறாள். காதர் பாய் மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அந்தப் பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்கிறார். நன்றாக இருக்கிறான் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஆங்கிலத்தைப் பற்றி இப்போது எனக்குப் பயமில்லை. என்ன தாள் வந்தாலும் மடிப்புக் கலையாமல் அவளிடம் கொடுத்துவிடுகிறேன். பிரச்சினை வேறு இடத்துக்கு நகர்ந்துவிட்டது. இன்று காலையில் அவள் முகம் சரியில்லை. காபி டம்ளரை வைத்த சத்தமும் சரியில்லை.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"ஒன்னுமில்ல" என்றாள்.

கடைக்கு வந்து அரை மணி நேரமாக இதையேதான் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதுக்கும் இருக்கட்டும் என்று பெரியப்பாவுக்குப் போன் செய்தேன். வேன் சும்மாதான் நிற்கிறதாம்.